பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பும் முன்

(ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக எமது டிரஸ்ட் அரங்கில் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மஃரிப் தொழுதுவிட்டு, வேலைக் களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இஷாவுக்கு முன் முடித்துவிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

கடந்த இரண்டு வாரங்களாக டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரே மாதிரியான தாள் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒப்புதல் கடிதம். டாப் ஸ்லிப்பில் ஒரு இரவு தங்கும் இயற்கை முகாம், கட்டணம் இவ்வளவு, பெற்றோர் கையெழுத்து இங்கே. சிலர் கட்டணத்துக்கு உதவி கேட்டு வருகிறார்கள். கூடுதலான பேர் கேட்பது பணத்தை அல்ல. “அனுப்பலாமா பாய், வேண்டாமா?” என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிவிடலாம் என்றுதான் இந்தக் கூட்டம்.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். முடியாத குடும்பங்களுக்குப் பாதிக் கட்டணத்தை டிரஸ்டின் பொது நிதியிலிருந்து தருகிறோம். ஜகாத் பணத்தை இதற்குத் தொடுவதில்லை. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே தொகைதான். இதை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்பது சற்று நேரத்தில் புரியும்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். நம் மக்தபில் ஓதும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இதே போன்ற முகாமுக்குப் போனான். வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பியவன் சனிக்கிழமை மாலை திரும்பினான். இடைப்பட்ட நேரம் முழுவதும் பையில் இருந்த இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீரும்தான் அவனுக்குச் சாப்பாடு. திரும்பும்போது மலைப்பாதை வளைவில் வாந்தி எடுத்து மயங்கிவிட்டான். ஆசிரியை பதறிப்போய் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. “அங்கே எதையும் தின்னாதே, நமக்கு ஆகாது, யார் என்ன கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லு” என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த இரண்டு நாளும் முகாமில் போட்டது இட்லி, சாம்பார் சாதம், தயிர், சப்பாத்தி, உருளைக்கிழங்கு. அவ்வளவுதான். மறுநாள் அந்த ஆசிரியை எங்களுக்குப் போன் செய்து சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. “ஏனுங்க பாய், பையன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பார்த்துப் பண்ணியிருப்போமுங்களே.”

அந்தத் தாயைக் குறை சொல்லவில்லை. பிள்ளையின் தீனைக் காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சாம்பார் சாதம் ஹலால் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இறைச்சி என்றால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்றதைச் சாப்பிடு, சந்தேகம் வந்தால் டீச்சரிடம் கேள் என்று சொல்லியிருந்தால் அது ஒரு சட்டம். பிள்ளை அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருப்பான். நாம் சட்டத்தைக் கொடுக்காமல் பயத்தைக் கட்டிக்கொடுத்து அனுப்பினோம். இதில் நாங்களும் பொறுப்பாளிகள். மக்தபில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோமே தவிர, வெளியூரில் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்ததில்லை.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். மேடையில் நின்றுகொண்டு அடுத்தவர் வீட்டுக் குறையை மட்டும் பேசுவது முறையல்ல. எங்கள் மூத்த மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது இதே டாப் ஸ்லிப்புக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தோம். மூன்றாம் நாள் “வேண்டாம்” என்றோம். “ஏன் அத்தா?” என்று கேட்டாள். “வேண்டாம்னா வேண்டாம்” என்பதுதான் பதில். உண்மையில் காரணம் எதுவும் எங்களிடம் இல்லை. யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, விசாரிக்கவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து அவள் தம்பிக்குக் கடிதம் வந்தது. பையன்தானே என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டோம். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது அவள் திருமணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். அவள் மகளுக்குப் பள்ளியில் முகாமாம். “உங்ககிட்ட கேக்கல அத்தா, அனுப்புறேன்னு சொல்றேன்” என்றாள்.

போன வருடம் நம் பகுதியிலிருந்து கடிதம் வந்த பிள்ளைகளில் பையன்கள் ஏறத்தாழ எல்லோரும் போனார்கள். பெண் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் போனாள். மற்றவர்களுக்கு அன்று வீட்டில் காய்ச்சல், நன்னி வீட்டில் விசேஷம், இப்படி ஏதோ ஒரு காரணம். பள்ளிக்கு எழுதிக் கொடுத்த அந்தக் காரணங்களில் எத்தனை உண்மை என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பிள்ளையின் பெயரில் பொய் எழுதிக் கொடுப்பதைப் பிள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை யோசியுங்கள்.

பயப்படக்கூடாது என்று சொல்ல வரவில்லை. யூசுஃப் நபியின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். விளையாட அழைத்துப் போகிறோம் என்று அண்ணன்மார் கேட்டபோது, ஓநாய் தின்றுவிடுமோ என்று யஅகூப் நபியே கவலைப்பட்டார்கள். பிள்ளையை வெளியே அனுப்பும் தகப்பனுக்குக் கவலை வருவது இயற்கை. ஆனால் அந்த வரலாற்றில் பிள்ளைக்கு ஆபத்து ஓநாயிடமிருந்து வரவில்லை, கூட்டிப் போனவர்களிடமிருந்து வந்தது. ஆகவே யானையையும் புலியையும் பற்றி விடிய விடியக் கவலைப்படுகிற நாம், முதலில் விசாரிக்க வேண்டியது கூடப் போகிறவர்களைப் பற்றி.

பள்ளிக்குப் போய் நேரில் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள்? பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியைகள் எத்தனை பேர், இரவில் அவர்கள் எந்த அறையில் படுப்பார்கள்? பிள்ளைகள் அறையில் ஆசிரியர் அல்லாத ஊழியர்கள் நுழைய அனுமதி உண்டா? வனத்துறை அனுமதிக் கடிதம் வாங்கியாயிற்றா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளையே கொண்டுவந்தது. காட்டுக்குள் போவதற்கு அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும் என்பது சம்பிரதாயம் அல்ல. நல்ல பள்ளிக்கூடம் இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாது. எரிச்சல்பட்டால் அதுவே ஒரு பதில்தான்.

பிள்ளையிடமும் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. உடம்பில் எந்த இடத்தை யாரும் தொடக்கூடாது, தொட்டால் சத்தம் போட வேண்டும், உடனே இன்ன ஆசிரியையிடம் போக வேண்டும், வீட்டுக்கு வந்து சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள். இதை ஆண் பிள்ளைக்கும் சொல்லுங்கள். 2012இல் வந்த போக்சோ சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் சேர்த்துத்தான். 1098 என்ற எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள். முகாமுக்கு மட்டுமல்ல, எப்போதும் உதவும்.

சரி, போகிற இடம் எப்படிப்பட்டது? நம்மில் பலர் பொள்ளாச்சி சந்தைக்கும் ஆழியாறு அணைக்கும் போயிருப்போம், டாப் ஸ்லிப் போயிருக்கமாட்டோம். பொள்ளாச்சி தாண்டி, சேத்துமடையில் வனத்துறை சோதனைச் சாவடி. அங்கே பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பை இருந்தால் எடுத்துவிடுவார்கள். அதன்பின் மலை ஏற்றம். வெள்ளைக்காரன் காலத்தில் மேலே வெட்டிய தேக்கு மரங்களை இந்தச் சரிவில் கீழே உருட்டிவிட்டார்கள், அதனால்தான் அந்தப் பெயர். வெட்டி வெட்டிக் காடு மொட்டையானபோது ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வந்தார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, பையிலிருந்த தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933இல் இறந்தார். அவர் கப்ர் அங்கேயே, அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. மரம் நடுவதை ஸதகாவாகப் படித்து வளர்ந்த பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். இன்று அது ஆனைமலை புலிகள் காப்பகம். கோழிகமுத்தியில் வனத்துறையின் யானை முகாம் இருக்கிறது. பாகன்களாக இருப்பவர்களில் மலசர் மக்கள் அதிகம். அவர்கள் யானையோடு பேசுவதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை ஒரு வாரத்துக்கு வேறு எதையும் பேசாது.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. இதற்குப் பத்து நாள் போதும்.

நம் பிள்ளைகளில் பலர் தாயின் கை கவளம் இல்லாமல் இரவுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. பதினோரு வயதுப் பையனுக்கு இன்னும் அம்மாதான் தலை துவட்டிவிடுகிறார். பாசம்தான், ஆனால் முகாமில் அம்மா இருக்கமாட்டார். பத்து நாளைக்கு அவனே தட்டைப் போடட்டும், அவனே கழுவட்டும், போர்வையை மடிக்கட்டும், வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்கட்டும். பை கட்டுவதையும் பிள்ளையே செய்யட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் ஜட்டி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, கடைசியில் நீங்கள் கொடுத்தனுப்பிய எட்டு உடையில் ஏழு மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். நன்னி வீட்டில் ஒரு இரவு தங்கவைத்தால் பழகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது ஒத்திகை ஆகாது, அங்கே செல்லம் இங்கேயைவிட அதிகம். மொட்டைமாடியில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணன் தம்பிகளோடு ஒரு இரவு படுக்கவிடுங்கள். இருட்டு என்றால் என்ன, டார்ச் எப்படிப் பிடிப்பது என்று தெரியும்.

படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதிலும் சிலருக்கு இருக்கும், அது நோயும் அல்ல, கெட்ட பழக்கமும் அல்ல. இதை மறைத்து அனுப்பாதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். இரவு எழுப்பி ஒருமுறை கூட்டிப்போவார்கள். மாலைக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், ஒரு செட் உடை கூடுதலாக வையுங்கள். அண்ணன் அக்காமார் கேலி செய்தால் அவர்களைக் கண்டியுங்கள். போன வருடம் ஒரு பிள்ளை இந்த ஒரு காரணத்துக்காகவே போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

பெண் பிள்ளைகளின் மாதவிலக்கு பற்றி மகளிர் அணிச் சகோதரிகள் தாய்மார்களிடம் தனியாகப் பேசுவார்கள். இங்கே ஒன்றே ஒன்று. அந்த நாட்களில் வரும் என்று தெரிந்தால், அதற்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். தேவையானதையும், சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளையும் பையில் வைத்து அனுப்புங்கள். இதைச் சபையில் சொல்ல எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டதால் வீட்டில் முடங்கிய பிள்ளைகளை நினைத்தால் கூச்சம் பெரிதாகத் தெரியவில்லை.

தொழுகைக்கு வருவோம். கோவையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து டாப் ஸ்லிப் 35க்குச் சற்று மேல். ஹனஃபி மத்ஹபில் கணக்கிடும் 48 மைல், அதாவது 77 கிலோமீட்டர் சொச்சம் என்ற பயணத் தூரத்துக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. கஸ்ர் உண்டா இல்லையா என்று பிள்ளைகள் பஸ்ஸில் வாதம் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நம் இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டு ஒரே பதிலை எழுதி ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வைத்துவிடுகிறோம். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்கள் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிப்லா பற்றி ஒரு விஷயம். நமக்குக் கிப்லா நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே ஒதுங்கி மறையும். அது மறைகிற இடத்தை நேராகப் பார்த்து நின்றால் தவறிவிடும், அங்கிருந்து செங்கோணத்தில் பாதியளவு வலப்பக்கம் திரும்ப வேண்டும். மொட்டைமாடியில் ஒரு மாலை நிறுத்திக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

மிக முக்கியமானது சுப்ஹு. விடியுமுன் ஒளு செய்ய வெளிக் குழாய்க்குத் தனியாகப் போகவே கூடாது. தங்கும் விடுதிகளைச் சுற்றிக் காட்டுப்பன்றியும் மானும் நடமாடும், யானையும் வரும். இரவிலேயே ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு அறையோடு சேர்ந்த குளியலறையில் ஒளு செய்து, உள்ளேயே தொழுதுகொள்ளட்டும். வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஆசிரியரை எழுப்பட்டும். தொழுகை ஆர்வத்தில் ஒரு பிள்ளை இருட்டில் இறங்கி நடந்தால் நாம் என்ன பதில் சொல்வது? அத்தரும் வேண்டாம், காட்டுக்குள் வாசனை எதற்கு? மழை பெய்தால் அட்டை இருக்கும், நீளமான சாக்ஸ் கொடுங்கள். கடித்தால் பிடித்து இழுக்காமல் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பெரிய பையில் அல்ல, கையில் இருக்கட்டும்.

வீட்டு ஏக்கம் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். போன் அங்கே பெரும்பாலும் எடுக்காது, எடுத்தாலும் நாம் கூப்பிடாமல் இருப்பதே நல்லது. “உன்னைவிட்டு அம்மாவுக்குத் தூக்கமே வராதுடா” என்று பஸ்ஸில் ஏற்றும்போது அழாதீர்கள், தாய்மார்களே. அழுகையை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒருவர் இரவில் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டால் போதும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் கனமான விஷயம். 1997இலும் 98இலும் இந்த நகரம் பார்த்ததை இங்கே இருக்கிற வயதானவர்கள் யாரும் மறக்கவில்லை. அந்த வருடங்களில் நாம் பிள்ளைகளை வீதி முனை தாண்டி விட்டதில்லை. அன்றைக்கு அது நியாயமான பயம். ஆனால் அந்தப் பயம் போன பிறகும் பழக்கம் வீட்டிலேயே தங்கிவிட்டது. கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வேறு சமுதாயத்துப் பிள்ளை ஒருவனோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்? அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளையை ஆச்சரியமாகத்தான் பார்ப்பார்கள். ஏன் இப்படித் தொழுகிறாய், ஏன் இறைச்சி வேண்டாம் என்கிறாய் என்று கேட்பார்கள். கேட்பது குறும்பு அல்ல. பதில் சொல்லத் தெரிய வேண்டும், அவர்கள் வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளவும் தெரிய வேண்டும். பன்னிரண்டு வயதில் ஒரு போர்வையைப் பகிர்ந்துகொண்டவன், முப்பது வயதில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே நம்பிவிடமாட்டான் என்பது எங்கள் எண்ணம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு: உடனே இரவுத் தங்கல் பயமாக இருந்தால் பகல் பயணத்தில் தொடங்கலாம். ஆனைகட்டியில் 1990இல் தொடங்கிய பறவையியல், இயற்கை வரலாற்று மையம் இருக்கிறது. அதற்குப் பெயரே சாலிம் அலி மையம். மும்பையில் 1896இல் பிறந்து, சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் இருந்தது. இது நாம் சாப்பிட ஆகுமா என்று சந்தேகம். மாமாவுக்கும் தெரியவில்லை. அது என்ன பறவை என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பார்த்தவர், வாழ்நாள் முழுக்கப் பறவைகளின் பின்னால் போய்விட்டார். ஹலாலா என்று கேட்ட ஒரு பிள்ளையை வாயை மூடு என்று அதட்டாமல் சரியான இடத்துக்கு அனுப்பிய மாமாவை நினைத்துப் பாருங்கள். வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனைகட்டிப் பக்கம் நம் பிள்ளைகளை, ஆணும் பெண்ணுமாக, பெற்றோர் சிலரோடு கூட்டிப்போக டிரஸ்ட் ஏற்பாடு செய்கிறது. பெயர் கொடுங்கள். தாய்மார்களும் வரலாம். வந்தால் உங்களுக்கும் கொஞ்சம் பயம் தெளியும்.

இஷாவுக்குப் பாங்கு சொல்லும் நேரம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் பலருக்கு வியாழக்கிழமை. கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தவர்கள் தொழுகை முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள், கட்டண உதவிப் படிவத்தையும் அங்கேயே நிரப்பிவிடலாம். கேள்வி மிச்சம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இமாம் ஹஜ்ரத்தைப் பாருங்கள். பேனா இல்லை என்று யாரும் திரும்பிப் போக வேண்டாம், மேசையில் நான்கு வைத்திருக்கிறோம்.

வஸ்ஸலாமு அலைக்கும்.